தனி ஒருவன் ஏறும் விமானம்

கூலாய்ப் பட்டணத்தாருக்கு ஆகாய விமானம் புதுமையன்று. 1974ஆம் ஆண்டில் செனாய் விமான நிலையம் திறக்கப்பட்டது முதலாக, பால்மரக் காட்டின் மேலும் செம்பனைத் தோட்டத்தின் மேலும் விமானம் தாழ்ந்து இறங்குவதை அவர்கள் நாள்தோறும் கண்டு வருகிறார்கள். பாட்டன் மங்கையும் உளியும் ஏந்தி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்; பேரன் கடைத்தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். பார்ப்பதோடு நம்மவர் பங்கு முடிந்துவிட வேண்டுமோ என்னும் கேள்வி இயல்பாக எழுகிறது.

அண்மையில் இவ்வூர் மோட்டார் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை; கைத்தொழிலில் கெட்டிக்காரர். ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய “ஜைரோபிளேன்” என்னும் சிறு விமானத்தை வாங்கிச் சொந்தமாக ஓட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை. “ஐயா, மோட்டார் சைக்கிளை நானே பிரித்தேன், நானே பூட்டினேன், நானே ஓட்டப் பழகினேன். இதையும் அப்படியே பழகிக்கொள்வேன். யார் தயவும் வேண்டாம்” என்றார்.

அவருடைய ஆசையை நாம் போற்றுகிறோம். “யார் தயவும் வேண்டாம்” என்ற சொல்லுக்கோ நாம் அஞ்சுகிறோம். ஏன் அஞ்சுகிறோம் என்பதை, அந்த விமானத்தின் வரலாற்றைக் கொண்டே அவருக்கும், அவரைப் போன்ற மற்ற இளைஞர்களுக்கும் எடுத்துச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொந்த விமானம் என்னும் எண்ணம் தமிழ்நாட்டிற்குப் பழையது. 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே, சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், தாம் வகுத்த திட்டப்படி சிம்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டுவித்துப் பறந்து காட்டினார். அடுத்த ஆண்டு, 1911 மார்ச்சு 16ஆம் நாள், பெல்ஜியம் தேசத்தவரான ஜோசப் கிறிஸ்டியான்ஸ் சிங்கப்பூரில் முதன்முதல் பறந்தார். அவர் பறந்த பாரர் பார்க் குதிரைப் பந்தயத் திடல், நம்மவர் நெருங்கி வாழ்ந்த சிராங்கூன் சாலையின் அருகில் உள்ளது. ஆனால் அவையெல்லாம் பொருள் படைத்தோரின் முயற்சி. அல்லது பணம் கொடுத்துப் பார்க்கும் வேடிக்கை. உழைத்துப் பிழைப்பவனும் வாங்கலாம் என்ற எண்ணத்தை உலகில் பரப்பியது பின்னர் தோன்றிய ஜைரோபிளேன்தான்.

இது எத்தகைய இயந்திரம்? ஹெலிகாப்டரைப் போல் இதன் தலைக்குமேல் நீண்ட விசிறி சுழலும். ஆயினும் இது ஹெலிகாப்டர் அன்று. ஹெலிகாப்டரின் மேல்விசிறியை என்ஜின் சுழற்றுகிறது. இதன் மேல்விசிறியைக் காற்றே சுழற்றுகிறது. பின்னாலுள்ள சிறிய விசிறி ஒன்றை என்ஜின் சுழற்றி, விமானத்தை முன்னே தள்ளுகிறது. அப்படி முன்னே செல்லும்போது எதிர்ப்படும் காற்று, சற்றே பின்சாய்ந்திருக்கும் மேல்விசிறியின் ஊடே கீழிருந்து மேலாகப் பாய்ந்து அதனைச் சுழலச் செய்கிறது. ஓலைக் காற்றாடியை ஈர்க்கிற் குத்திக்கொண்டு குழந்தை ஓடினால் அது தானே சுழல்கிறதன்றோ? அதுவே இதுவும். என்ஜின் நின்றுவிட்டாலும் மேல்விசிறி நிற்பதில்லை; மெராந்தி மரத்தின் சிறகுள்ள விதை சுழன்று சுழன்று தரைக்கு வருவதுபோல விமானமும் இறங்கிவரும். அந்தரத்தில் அசையாது நிற்க மட்டும் இதனால் ஆகாது.

இதனைக் கண்டவர் ஸ்பெயின் தேசத்து யுவான் தெ லா சியர்வா. 1895இல் மூர்சியா நாட்டில் பிறந்தவர். 1919ஆம் ஆண்டில் அவர் கட்டிய மூன்று என்ஜின் விமானம் ஒன்று, தரைக்கு அண்மையில் வேகம் குறைந்து, இறக்கை தாங்காமல் விழுந்து நொறுங்கிற்று. வேறொருவராயின் காலத்தின் கொடுமை என்று கைவிட்டிருப்பார். சியர்வாவோ, வேகம் குறைந்தவுடன் இறக்கை கைவிடுவது ஏன் என்று கேட்டார். விமானம் மெதுவாகச் சென்றாலும் இறக்கை மட்டும் வேகமாகச் செல்லும்படி செய்ய முடியாதா என்று எண்ணினார். இறக்கையையே சுழலவிட்டால் அது கைகூடும் என்று கண்டார்.

கண்டது எளிது, செய்தது அரிது. 1920ஆம் ஆண்டு தொடங்கி அவர் கட்டிய முதல் இயந்திரங்கள் எழும்புமுன்னே ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தன. காரணம் இதுதான்: விமானம் முன்னே செல்லும்போது, சுழலும் அலகுகளில் ஒன்று காற்றை எதிர்த்து வருகிறது, மற்றொன்று காற்றோடு ஒத்துப் பின்செல்கிறது. எதிர்த்து வருவதற்குத் தூக்குசக்தி மிகுதி, பின்செல்வதற்குக் குறைவு. ஆகவே ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து, இயந்திரம் உருண்டது. ஆனால் அவர் செய்த சிறு மாதிரி மட்டும் நேராகப் பறந்தது! பெரியது ஏன் கவிழ்கிறது, சிறியது ஏன் பறக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். மாதிரியின் அலகுகளுக்கு அவர் இட்டிருந்தது பிரம்பு. பிரம்பு வளைந்து கொடுத்தது. பெரிய இயந்திரத்தின் விறைத்த அலகு வளையவில்லை. நம் பக்கத்துக் காடுகளில் படர்ந்து கிடக்கும் பிரம்புக் கொடி, ஐரோப்பிய அறிஞர் ஒருவருக்கு ஆசானாயிற்று என்று எண்ணும்போது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாகின்றன.

உடனே சியர்வா ஒவ்வோர் அலகின் அடியிலும் ஒரு கீல் வைத்தார். காற்றை எதிர்த்து வரும் அலகு கீலில் மேலே எழும். எழும்போது அதன் தூக்குசக்தி தணியும். பின்செல்லும் அலகு கீழே தாழும். தாழும்போது அதன் தூக்குசக்தி மிகும். இரு பக்கமும் சமமாயின. 1923ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், மாட்ரிட் நகரின் அருகிலுள்ள கெட்டாஃபே விமானத் திடலில், கோமெஸ் ஸ்பென்ஸர் என்னும் படைவீரர் அவருடைய நான்காவது மாதிரியை ஏறி ஓட்டினார். அது பறந்தது. “ஆட்டோஜைரோ” என்பது சியர்வா அதற்கு இட்ட பெயர். 1928 செப்டம்பரில் அவரே அத்தகைய விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

வேகக்குறைவால் விழாத விமானத்தைத் தேடிய அப்பெரியார், 1936 டிசம்பர் 9ஆம் நாள், லண்டனை அடுத்த கிராய்டனில், மூடுபனியில் கிளம்பிய சாதாரணப் பிரயாணி விமானம் விபத்துக்குள்ளானதில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. அவர் கண்ட கீல் அவரோடு மடியவில்லை. ஹெலிகாப்டர் கட்டியவர்கள் அதனைக் கற்று எடுத்துக்கொண்டார்கள். 1950 ஜூன் மாதத்தில், அவசரகாலப் போராட்டத்தின்போது, காயமுற்ற போலீஸ்காரர் ஒருவரைத் தென் ஜோகூரிலிருந்து எடுத்துச் சென்ற ஹெலிகாப்டரின் தலையிலும் அலகுகள் கீலில்தான் அசைந்தன. நாம் வாழும் வட்டாரம் இவ்வரலாற்றுக்கு முற்றிலும் அயலன்று.

இனி, ஒருவர் மட்டும் ஏறும் வகை தோன்றியதைக் காண்போம். அது யுத்தத்தில் தோன்றிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் தங்கள் பெரிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக “பாக்ஸ்டெல்ஸ்” என்னும் கருவியைச் செய்தார்கள். வாலாட்டிக் குருவி என்பது அச்சொல்லின் பொருள். அதற்கு என்ஜின் இல்லை. ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள இரும்புக் குழாய்ச் சட்டம், ஓர் ஆசனம், தலைக்குமேல் மூன்று அலகுகள், இவ்வளவே. கப்பல் நீர்மேல் ஓடும்போது, கம்பியிற் கட்டிய பட்டம்போல் அது மேலே எழும். கப்பலின் மேல்தட்டில் நிற்பவனுக்குச் சுமார் 5 கடல் மைல் தொலைவு தெரியும். 120 மீட்டர் உயரத்தில் தொங்குபவனுக்கு 25 கடல் மைல் தெரியும். 1943ஆம் ஆண்டு முதல், ஜப்பானியர் வசமிருந்த பினாங்குத் துறைமுகம் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குத் தளமாயிற்று. அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்ட பெரிய நீர்மூழ்கிகள் இக்கருவியை ஏந்தி வந்தன. 1943 ஆகஸ்டு 6ஆம் நாள், “யு 177” என்னும் கப்பல் இதன் உதவியால் “எஃப்தாலியா மாரி” என்ற கிரேக்கக் கப்பலைக் கண்டு மூழ்கடித்தது.

அந்த ஆசனத்தில் அமர்ந்தவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். பகைவரின் விமானம் தென்பட்டால் கப்பல் உடனே நீருள் மூழ்க வேண்டும். மேலே இருப்பவன் தன் சுழல்விசிறியைக் கழற்றிவிட்டுப் பாராசூட்டில் கடலில் குதிக்க வேண்டியதுதான். கப்பல் திரும்பி வந்து எடுத்தால் உயிர்; இன்றேல் கடல். தனி ஆசனம் என்பதன் முழுப்பொருளை முதலில் உணர்ந்தவர்கள் அம்மாலுமிகளே எனலாம்.

அதே யுத்தத்தில் இங்கிலாந்தில், ரால் ஹாஃப்னர் என்னும் ஆஸ்திரியப் பொறியாளரும் போர்வீரனை ஒற்றையாக இறக்குதற்கு இதுபோன்ற சிறு கருவியொன்றைச் செய்தார். யுத்தத்திற்குப் பின் அக்கருவியை அமெரிக்காவில் ஆராய்ந்து பறந்தவர் இகோர் பென்சன். ருஷியாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். 1953ஆம் ஆண்டில் வட கரோலினாவிலுள்ள ராலி நகரில் அவர் சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதலில் மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் என்ஜினற்ற ஜைரோவைச் செய்தார். 1955 டிசம்பரில் அதற்கு என்ஜின் பூட்டிப் பறந்தார். அதனினும் சீர்திருந்திய வகை 1957இல் வெளிவந்தது. அது ஏறத்தாழ 250 ராத்தல் எடை. 72 குதிரைச் சக்தியுள்ள சிறு என்ஜின். இரு அலகுகளும் ஒரே தண்டாக நடுவில் ஓர் ஆணியில் நின்று, தோளில் இரு பால்வாளிகளைக் காவும் கம்புபோல் ஏறியிறங்கும். சியர்வாவின் கீல்களுக்குப் பதிலாக இந்த ஒற்றை ஆணி. இதைவிட எளிய பறக்கும் இயந்திரத்தைக் கற்பனை செய்வது கடினம்.

பென்சன் தம் இயந்திரத்தைப் படமாகவும், பாகங்களாகவும் விற்றார். வாங்கியவன் தன் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கானோர் படங்களை வாங்கினார்கள். தச்சனும், மெக்கானிக்கும், குடியானவனும் பறக்கலாம் என்ற நிலை வந்தது. இங்கிலாந்தில் கென் வாலிஸ் என்னும் முன்னாள் விமானப்படை அதிகாரி இதனை மேலும் செம்மைப்படுத்தினார். 1967ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில், ஜப்பானிய எரிமலைகளின்மேல் அவர் ஓட்டிய “லிட்டில் நெல்லி” என்னும் சிறு விமானத்தை உலகமெங்கும் சினிமாக் கொட்டகைகளில் மக்கள் கண்டார்கள். அந்தப் பறப்பின் பின்னே இருந்த பல்லாண்டுப் பயிற்சியை மட்டும் அவர்கள் காணவில்லை.

அங்கேதான் துன்பம் தொடங்கிற்று. ஒற்றை ஆசன விமானத்தில் ஆசிரியருக்கு இடமில்லை. பென்சன், முதலில் என்ஜினற்ற ஜைரோவில், கயிற்றின் துணையோடு பழகிய பின்னரே என்ஜின் வகையில் ஏற வேண்டும் என்று முறை வகுத்தார். பொறுமையற்றோர் அம்முறையைத் தாண்டிக் குதித்தார்கள். சாதாரண விமானம் ஓட்டத் தெரிந்தவர்களோ, இது நமக்கு எம்மாத்திரம் என்று எண்ணினார்கள். பலர் மாண்டார்கள். அவர்களிற் சிலருக்கு அதுவே முதல் பறப்பாகவும் இருந்தது.

அவர்கள் மாண்டது தலைவிதியால் அன்று, காரணத்தால். அக்காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவோம். முதலாவது, தரையிலேயே நேர்வது. மேல்விசிறி போதிய வேகம் பெறுமுன் விமானத்தை விரைந்து ஓட்டினால், அலகுகள் கட்டுக்கடங்காமல் ஏறியிறங்கி வாலை அடித்து நொறுக்கும். இரண்டாவது, பழகாதவனின் பதற்றம். மூக்கு சற்று உயர்ந்தால் பிடியை முன்னே தள்ளுகிறான். அது தாழ்ந்தால் பின்னே இழுக்கிறான். இயந்திரம் அவன் கைக்குச் சற்றுப் பிந்தியே இணங்குவதால், அவன் திருத்தம் ஒவ்வொன்றும் ஆட்டத்தைப் பெருக்குகிறது. பிடியை அசைக்காமல் நிறுத்தி, என்ஜினின் வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் அடங்கும். அதை யாரும் கற்பிக்காமல் அந்த நொடியில் தானே கண்டுகொள்வார் அரியர்.

மூன்றாவதே கொடியது. மேல்விசிறியைச் சுழற்றுவது அதனூடே மேல்நோக்கிப் பாயும் காற்று என்றோம். விமானத்தின் பாரம் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் வரையில்தான் அக்காற்று அவ்வாறு பாயும். பிடியை வேகமாக முன்னே தள்ளி, மேட்டிலிருந்து வண்டி குதிப்பதுபோல் உடல் இலேசாகும் நிலையை உண்டாக்கினால், விசிறியின் மேல் பாரம் இல்லை, தாங்குதல் இல்லை. அப்போது பின்விசிறி மட்டும் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது தள்ளும் கோடு விமானத்தின் எடைமையத்திற்கு மேலே இருக்குமாயின், விமானம் தலைகீழாகக் குப்புறும். அதன்பின் மீட்பு இல்லை. சாதாரண விமானத்தில், வேகம் குறையும்போது பிடியை முன்னே தள்ளுவதே உயிர்காக்கும் பழக்கம். அங்கே உயிர்காத்த அதே கைப்பழக்கம் இங்கே உயிர் குடித்தது. கற்றவனும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இங்கிலாந்தின் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் இம்மரணங்களைக் கண்டு வாளா இருக்கவில்லை. 1990களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தினார்கள். ஜைரோபிளேனில் அளவுகருவிகள் பொருத்திப் பறந்து, கணக்கிட்டுப் பார்த்தபோது, எடைமையத்திற்கும் பின்விசிறி தள்ளும் கோட்டிற்கும் உள்ள உயர வேற்றுமையே அதன் நிலைத்தன்மைக்கு முக்கியமானது என்பது தெளிவாயிற்று. அவ்வேற்றுமை 2 அங்குலத்திற்குள் இருத்தல் வேண்டும் என்ற அளவு ஏற்பட்டது. 2005ஆம் ஆண்டில், அந்த அளவுக்குள் அடங்காத ஒற்றை ஆசன ஜைரோக்களுக்கு வேகத்திலும் காற்றிலும் கட்டுப்பாடு விதித்தார்கள். இரண்டு அங்குலம்! விரலிரண்டைச் சேர்த்து வைத்த அகலத்தைவிடச் சற்றே மிகுதி. அதை அறியாமல் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன! அறிந்தபின் எத்தனை குடும்பங்கள் தப்பின!

ஆகவே, இவ்விமானத்தை ஒருவர் சொந்தமாக வைத்திருப்பது என்பதன் பொருளைக் கூலாய் இளைஞருக்கு இவ்வாறு சொல்லுவோம். வாங்குமுன் எடைமையம் எங்கே, தள்ளும் கோடு எங்கே என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். வாலில் கிடைத்தட்டு உண்டா என்று பாருங்கள். விலை மலிவாக இருக்கும் பழைய இயந்திரம், பழைய பிழையோடுகூட வருவதுண்டு. வாங்கியபின், ஒவ்வொரு நாளும் பறக்குமுன் அலகு, ஆணி, கட்டுப்பாட்டுக் கம்பி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். வேகம் காட்டும் கருவியின் குழாயில் ஒரே வாரத்தில் குளவி கூடு கட்டிவிடும் நாடு இது. பறக்கும் வேளையையும் நாமாக வைத்துக்கொள்ள முடியாது. நண்பகலுக்குப்பின் நம் ஜோகூர் வானில் இடிமேகம் திரளும். வெயில் காய்ந்த நிலத்திலிருந்து எழும் சூட்டுக்காற்று சிறு விமானத்தைத் தூக்கியெறியும். காற்றசையாத விடியற்காலையே அதற்கு ஏற்றது. பால் வெட்டுகிறவன் மரத்தடிக்குப் போகும் அதே வேளை.

நாட்டின் சட்டமும் உண்டு. 1969ஆம் ஆண்டின் சிவில் விமானச் சட்டத்தின்படி விமானத்திற்குப் பதிவும், பறக்கத் தக்கது என்னும் அனுமதியும், ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் இவற்றை நிர்வகிக்கிறது. கூலாயோ செனாய் நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான பிரயாணிகள் ஏறிய விமானங்கள் இறங்கும் வழியில் அனுமதியின்றி எவரும் பறத்தல் ஆகாது. இக்கட்டுகளைச் சிலர் தொல்லை என்பர். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு முதல், 254 ராத்தலுக்குட்பட்ட ஒற்றை ஆசன விமானத்திற்கு உரிமமே வேண்டுவதில்லை என்று விதி உண்டு. சட்டம் அங்கே விட்டுவிட்டது. காற்று எங்கும் விடுவதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, முதலில் இரட்டை ஆசன ஜைரோபிளேனில், தேர்ந்த ஆசிரியரின் பக்கத்தில் அல்லது முன்னால் அமர்ந்து பழகுங்கள். இப்போது ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளில் அத்தகைய விமானங்கள் நல்ல முறையில் செய்யப்படுகின்றன. அதில் ஆசிரியர் போதும் என்று சொன்ன பிறகே தனி ஆசனத்தில் ஏறுங்கள். செலவு மிகும், நாளும் மிகும். பழைய இயந்திரத்திற்கென்று சேர்த்த பணத்தில் பாதி படிப்பிற்கே போகலாம். போகட்டும். இயந்திரத்தை மறுபடி வாங்கலாம்.

“யார் தயவும் வேண்டாம்” என்றாரே அவ்விளைஞர். அச்சொல்லின் பின்னே உள்ள மனப்புண்ணை நாம் அறியாதவரல்லோம். தோட்டத்தில் எதற்கும் பிறர் முகம் பார்த்து நின்ற தலைமுறைகளின் வழியில் வந்தவர், தம் கையால் தாமே ஒன்றைச் செய்து காட்ட விரும்புவது நியாயமே. ஆயினும் கற்பது தயவு கேட்பதாகாது. ஒருவர் மட்டும் ஏறும் அவ்விமானத்தில் சியர்வா இருக்கிறார், பிரம்பு இருக்கிறது, பென்சனும் வாலிஸும் இருக்கிறார்கள், கடலில் தொங்கிய மாலுமிகள் இருக்கிறார்கள், கிளாஸ்கோவில் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள், அறியாமல் மாண்டு நமக்கு அறிவு தந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்காமல் ஏறுகிறவனே உண்மையில் தனியாக ஏறுகிறான்.

அவ்விளைஞர் ஒரு நாள் பறப்பார் என்றே நாம் நம்புகிறோம். பறந்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்ப வேண்டும். அதுவே நாம் வேண்டுவது.